நன்னீர் மீன்களின் தீனியில் தாவர எண்ணெய்கள்

தாமிரபரணியாற்றின் குறுக்கே அமைந்த எட்டு அணைகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. 1873-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற இவ்வணையிலிருந்து வடகால், தென்கால் என்னும் இரு பெருங்கால்வாய்கள் பிரிகின்றன. வடகால் பெருங்குளம், கோரம்பள்ளம் முதலிய குளங்களுக்கும், தென்கால் கடம்பாகுளம் முதலிய குளங்களுக்கும் நீர் கொண்டு செல்கின்றன. கார், பிசானம் ஆகிய நெற்போகங்களும் வாழைத் தோட்டங்களும் இந்நீரை நம்பியவை. இத்தகைய குளங்களிலும், நஞ்சையை அடுத்த பண்ணைக் குட்டைகளிலும் கட்லா, ரோகு, மிருகால், புல்கெண்டை முதலிய மீன்களை வளர்ப்பது குடியானவர்களுக்கு ஓர் உபதொழிலாகும்.

இப்பகுதியில் மீன் வளர்ப்போருக்கு இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடிக் கடற்கரை இருக்கிறது. கடல் மீனின் எண்ணெய் மீன்களுக்கு மிக உயர்ந்த ஆகாரம் என்று சொல்லப்படுகிறது. அங்ஙனமாயின் குட்டை மீன்களுக்கும் விலை கொடுத்து மீன் எண்ணெய் வாங்கிப் போடவேண்டுமா? அல்லது ஊரிலேயே கிடைக்கும் தவிடு, பிண்ணாக்கு, செக்கெண்ணெய் ஆகியவை போதுமா?

சுருங்கக் கூறின், நன்னீர்க் கெண்டை இனங்களுக்குத் தாவர எண்ணெயே போதும். ஆனால் அவ்வெண்ணெய் கெடாததாயிருத்தல் வேண்டும். இன்றியமையாத இருவகைக் கொழுப்பு அமிலங்களும் மீனுக்குக் கிடைத்தல் வேண்டும். தவிட்டிலும் பிண்ணாக்கிலும் ஏற்கெனவே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கணக்கிட்ட பின்னரே தனி எண்ணெய் வாங்கவேண்டும். இதன் காரணங்களும் அனுஷ்டிக்கவேண்டிய முறைகளும் கீழே விவரிக்கப்படுகின்றன.

கொழுப்பின் வேலை

மீன்களின் ஆகாரத்தில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஒரு கிராம் புரதமோ மாவுச்சத்தோ ஏறக்குறைய 4 கலோரி சக்தி அளிக்க, ஒரு கிராம் கொழுப்பு ஏறக்குறைய 9 கலோரி அளிக்கிறது. தீனியில் போதிய சக்தி இல்லாவிடின், மீன் தன் சதையை வளர்ப்பதற்கு உரிய புரதத்தையே எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். புரதமே தீனியில் விலை மிகுந்த பகுதி. ஆகவே, அளவாகக் கொழுப்புச் சேர்ப்பது புரதத்தை மிச்சப்படுத்தும் உபாயமாகும்.

கெண்டை இனங்கள் மாவுச்சத்தையும் நன்கு ஜீரணிக்கக் கூடியவை. அதனால் குளிர்நாட்டு டிரவுட், சால்மன் மீன்களைப் போல் அவற்றிற்கு மிகுந்த கொழுப்பு வேண்டியதில்லை. தீனியில் 100-க்கு 5 முதல் 8 பங்கு வரை கொழுப்பிருந்தால் போதுமானது. இந்த அளவுக்கு மேற்பட்டது பெரும்பாலும் குடலைச் சுற்றியும் ஈரலிலும் படியும். மீன் தடித்துக் காணப்படினும், அறுத்துக் குடல் நீக்கியபின் வாங்குபவருக்கு எடை குறையும். எண்ணெய் அதிகமானால் வளர்ச்சியும் அதிகமாகும் என்பது தவறான எண்ணம்.

சக்தி தருவதோடு கொழுப்புக்கு வேறிரண்டு வேலைகளும் உண்டு. ஏ, டி, ஈ, கே என்னும் நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைந்தே உடலிற் சேர்கின்றன. அன்றியும், உடலின் ஒவ்வோர் அணுவையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு கொழுப்பு அமிலங்களால் ஆனது. மூளை, கண், சினை ஆகிய உறுப்புகளில் இவற்றின் தேவை இன்னும் மிகுதி.

இன்றியமையாத இரு அமிலங்கள்

கொழுப்பு அமிலங்கள் பலவற்றை உயிர்கள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். சிலவற்றை அங்ஙனம் உண்டாக்க இயலாது. ஆகாரத்தின் மூலமாகவே பெறவேண்டும். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதிகள் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத ஆகாரம் கொடுத்துச் செய்த ஆராய்ச்சியால் இவ்வுண்மை வெளிப்பட்டது. எலிகளின் வளர்ச்சி நின்று, தோல் செதில் செதிலாக உரிந்தது; சிறிது லினோலியிக் அமிலம் கொடுத்ததும் குணமாயிற்று.

மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர் வந்தது. 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஜப்பானிய அறிஞர்கள் சாதாக் கெண்டையில் நடத்திய பரீட்சைகளிலிருந்து, அதற்கு லினோலியிக், லினோலெனிக் ஆகிய இரண்டு அமிலங்களும் தேவை என்று தெரியவந்தது. தீனியில் 100-க்கு ஒரு பங்கு லினோலியிக் அமிலமும், அரை முதல் ஒரு பங்கு லினோலெனிக் அமிலமும் இருத்தல் நலம். முன்னது ஒமேகா-6 வகையைச் சேர்ந்தது. பின்னது ஒமேகா-3 வகையைச் சேர்ந்தது. பெயர்கள் ஒத்திருப்பினும் ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்று பயன்படாது. எந்த மீனும் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள மாட்டாது.

கடல் மீனும் நன்னீர் மீனும்

கடலில் வாழும் மீன்களின் எண்ணெயில் நீண்ட சங்கிலியுடைய ஒமேகா-3 அமிலங்கள் நிறைந்துள்ளன. இவற்றைக் கடல் மீன்களுள் பெரும்பாலானவை தாமே உண்டாக்குவதில்லை. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் உண்டாக்குகின்றன. அவற்றைச் சிறு உயிர்களும், சிறு உயிர்களைச் சாளை, நெத்திலி முதலிய மீன்களும், அவற்றைப் பெரிய மீன்களும் உண்டு வாழ்கின்றன. நீண்ட அமிலங்கள் ஆகாரத்திலேயே தாராளமாகக் கிடைப்பதால், அவற்றைத் தயாரிக்கும் ஆற்றல் பெரும்பாலான கடல் மீன்களிடம் மிகக் குறைவு. ஆகவே, கூண்டுகளில் வளர்க்கப்படும் கொடுவா முதலிய கடல் மீன்களுக்கு மீன் எண்ணெயை முற்றிலும் நீக்கிவிட முடியாது.

நன்னீர்க் கெண்டைகளின் நிலை வேறு. அவற்றின் ஈரலில் உள்ள நொதிகள், 18 கரியணுக்கள் கொண்ட லினோலெனிக் அமிலத்தை எடுத்து, 20-உம் 22-உம் கரியணுக்கள் கொண்ட நீண்ட அமிலங்களாக ஆக்கிக்கொள்ளும் திறமையுடையவை. கடல் மீன் வெளியிலிருந்து பெறவேண்டிய பண்டத்தைக் கெண்டை தன் உடலிலேயே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருளை மாத்திரம் கொடுத்தாற் போதும். திலேப்பியா மீனுக்குத் தேவை இன்னும் எளிது. 100-க்கு அரைப் பங்கு லினோலியிக் அமிலமே அதற்குப் போதுமெனக் கண்டிருக்கிறார்கள்.

இங்கு ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இருவகை அமிலங்களையும் மாற்றுவதற்கு ஒரே நொதிகளே வேலை செய்கின்றன. லினோலியிக் அமிலம் அளவு கடந்து இருப்பின், அந்நொதிகள் அதனிடமே ஈடுபட்டு, லினோலெனிக் அமிலம் மாற்றமடைவது குறையும். எனவே சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றை மாத்திரம் மிகுதியாகச் சேர்ப்பது விவேகமன்று.

மீன் எண்ணெயின் தட்டுப்பாடு

மீன் எண்ணெயைத் தவிர்ப்பதற்குச் சிக்கனம் மாத்திரம் காரணமன்று. உலகத்தில் ஓர் ஆண்டில் கிடைக்கும் மீன் எண்ணெய் சுமார் 10 லட்சம் டன். அதன் பெரும்பகுதி மீன், இறால் பண்ணைகளுக்கே செலவாகிறது. இதில் கணிசமான பங்கு பெரு நாட்டுக் கடலில் பிடிக்கப்படும் ஒருவகை நெத்திலியிலிருந்து வருவது. எல் நினோ என்னும் கடல் வெப்பமாறுதல் நேரும் ஆண்டுகளில் அம்மீன் அரிதாகிவிடும். 1972-73-இல் அத்தொழில் பெருஞ்சரிவு கண்டது. 2023-இல் அந்நாட்டு வட மத்தியக் கடலில் முதற்பருவ மீன்பிடிப்பே ரத்துச் செய்யப்பட்டு, எண்ணெய் விலை மிகவும் ஏறியது.

இந்தியாவில் மீன் எண்ணெய்க்கு முக்கிய ஆதாரம் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனே. 1905-ஆம் ஆண்டில் சென்னை மாகாண மீன்பிடித் தொழிலின் ஆராய்ச்சியை மேற்கொண்ட சர் பிரெடரிக் நிக்கல்சன், மலையாளக் கரையில் மத்தியிலிருந்து எண்ணெயும் எருவும் எடுக்கும் தொழிலைச் சீர்ப்படுத்தி ஊக்குவித்தார். அக்காலத்தில் அவ்வெண்ணெய் தோல் பதனிடுதல் முதலிய தொழில்களுக்கே பெரிதும் உபயோகமாயிற்று. இம்மீனின் வரத்து நிலையானதன்று. கேரளக் கரையில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன் அளவிற்குக் குறைந்துபோயிற்று. ஏழை மக்கள் நேரே உண்ணும் மீனை எண்ணெயாக்கி, அவ்வெண்ணெய் தேவையில்லாத கெண்டைக்கு ஊட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது.

மீன் எண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்த நார்வே நாட்டுச் சால்மன் பண்ணைகளே தாவரப் பொருள்களுக்கு மாறியிருக்கின்றன. 1990-இல் அங்கே தீனியில் பத்தில் ஒன்பது பங்கு கடற்பொருள்களாயிருந்தன; 2013-இல் அவை பத்தில் மூன்று பங்காகக் குறைந்தன. எண்ணெயைப் பொறுத்தவரை, கடுகின் இனமாகிய ரேப் விதையின் எண்ணெயே அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. சால்மனுக்கே இஃது இயலுமாயின், கெண்டைக்கு ஐயமேயில்லை.

எண்ணெய்களின் குணபேதங்கள்

தாவர எண்ணெய்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. 100 பங்கு எண்ணெயில் இரண்டு முக்கிய அமிலங்களும் உத்தேசமாக எவ்வளவு உண்டென்பது பின்வரும் அட்டவணையால் விளங்கும். விதையின் ரகத்தையும் விளைந்த நிலத்தையும் ஒட்டி இவ்வளவுகள் சற்று ஏறவும் இறங்கவும் கூடும்.

எண்ணெய்: லினோலியிக், லினோலெனிக்
தேங்காயெண்ணெய்: 2; இல்லை
பாமாயில்: 10; ஒன்றுக்கும் குறைவு
கடலையெண்ணெய்: 30, மிகச் சொற்பம்
தவிட்டெண்ணெய்: 33, 1
நல்லெண்ணெய்: 43, ஒன்றுக்கும் குறைவு
பருத்திக்கொட்டை எண்ணெய்: 50, ஒன்றுக்கும் குறைவு
சூரியகாந்தி எண்ணெய்: 60, ஒன்றுக்கும் குறைவு
சோயா எண்ணெய்: 53, 7
கடுகெண்ணெய்: 15, 10
ஆளிவிதை எண்ணெய்: 15, 50-க்கு மேல்

தென்னாட்டில் வழங்கும் எண்ணெய்களில் லினோலியிக் அமிலம் போதிய அளவு இருக்க, லினோலெனிக் அமிலம் அநேகமாக இல்லையென்பது இதனால் தெரியவரும். தேங்காயெண்ணெயும் பாமாயிலும் சக்தி தருமேயன்றி, இன்றியமையாத அமிலங்களுக்கு அவற்றை மாத்திரம் நம்புதல் கூடாது. தேங்காயெண்ணெய் 24 பாகை வெப்பத்திற்குக் கீழ் உறைந்துவிடும். எனினும் தாமிரபரணிப் பாய்ச்சற் பகுதியின் குளத்து நீர் ஆண்டின் பெரும்பகுதியில் அதற்கு மேற்பட்ட வெப்பமுடையதாகையால், மீன்கள் அதை ஜீரணிப்பதில் இடையூறில்லை.

லினோலெனிக் அமிலத்தில் முதன்மை பெற்றது ஆளிவிதை. வட இந்தியாவில் பயிராகும் இவ்விதை தென்னாட்டிற்கு வந்து சேரும்பொழுது விலை கூடிவிடுகிறது. ஆனால் அதே அமிலம் காசில்லாமல் கிடைக்கும் வழிகளும் உண்டு. பச்சிலைகளிலும் பசும்புல்லிலும் கொழுப்பு சொற்பமே. எனினும் அச்சொற்பக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி லினோலெனிக் அமிலமாகும். 1959-ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட புல்கெண்டைக்கு வரப்புப் புல்லும், இளம் வாழையிலையும் வெட்டிப் போட்டால், அதற்கு வேண்டிய லினோலெனிக் அமிலம் அதிலேயே கிடைக்கும். வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த ஸ்ரீவைகுண்டம் பகுதியில் இது மிகச் சுலபமானது. புல்கெண்டையின் கழிவு நீருக்கு எருவாகி நுண்ணுயிர்களைப் பெருக்கும். கட்லா அந்நுண்ணுயிர்களை நேரே உண்ணும். அவற்றிலும் ஒமேகா-3 அமிலங்கள் உள்ளன.

தவிட்டிலும் பிண்ணாக்கிலும் மறைந்துள்ள எண்ணெய்

கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சம எடையாகக் கலந்து கெண்டைக்கு இடுவது நெடுநாளைய வழக்கம். இவ்விரண்டும் புரதத்திற்கும் மாவுச்சத்திற்குமென்றே பெரும்பாலோர் எண்ணுவர். உண்மையில் அக்கலவையின் வெற்றிக்கு அதில் ஒளிந்திருந்த எண்ணெயும் காரணமாகும். செக்கிலோ விசை யந்திரத்திலோ பிழிந்த கடலைப் பிண்ணாக்கில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு எண்ணெய் எஞ்சி நிற்கும். உமி கலவாத நல்ல தவிட்டில் 14 முதல் 20 பங்கு வரையிலும், சிறிய ஆலைகளில் உமிப்பொடியோடு வரும் தவிட்டில் அதிற் பாதி அளவும் எண்ணெய் உண்டு.

ரசாயன திரவத்தால் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஆலைகள் பெருகிய பின்னர் நிலைமை மாறிவிட்டது. அவ்வாலைகளிலிருந்து வரும் எண்ணெய் நீக்கிய தவிட்டிலும், எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கிலும் மிஞ்சும் எண்ணெய் 100-க்கு ஏறக்குறைய ஒரு பங்கே. பார்வைக்கு அதே தவிடு, அதே பிண்ணாக்கு. மூட்டையின் பெயரிலும் பெரிய வேற்றுமை தெரியாது. விலை சற்றுக் குறைவாயிருத்தலால் குடியானவர்கள் அதை வாங்கிவிடுகின்றனர். மீன் முன்போல் வளராதபொழுது குஞ்சின் பேரிலோ குளத்தின் பேரிலோ குறை கூறுவதுண்டு. ஆந்திர நாட்டில் கொல்லேறு ஏரியை அடுத்த பெரும்பண்ணைகள் எண்ணெய் நீக்கிய தவிட்டையே பிரதானமாக உபயோகித்து, துவாரமிட்ட சாக்குகளில் நிரப்பிக் கழிகளிற் கட்டித் தொங்கவிட்டு ரோகு வளர்க்கின்றன. அங்கே அதனுடன் கடலைப் பிண்ணாக்கு முதலியவற்றைக் கலப்பதும், நீருக்கு இடைவிடாது எருவிட்டு நுண்ணுயிர்களைப் பெருக்குவதும் வழக்கமாகையால், குறை ஒருவாறு ஈடு செய்யப்படுகிறது. அவ்வேற்பாடுகளைச் செய்யாமல் தவிட்டை மாத்திரம் பின்பற்றுவது பயன் தராது.

கீழ்க்கண்ட கணக்கு வேற்றுமையைத் தெளிவாக்கும். எல்லாவற்றிலும் 50 கிலோ தவிடும் 50 கிலோ கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்த 100 கிலோ கலவையே எடுத்துக்கொள்ளப்பட்டது. நல்ல தவிட்டில் 14 பங்கும், பிழிந்த பிண்ணாக்கில் 8 பங்கும், எண்ணெய் நீக்கியவற்றில் ஒரு பங்கும் எண்ணெய் உண்டெனக் கொள்ளப்பட்டது.

முதற் கலவை. நல்ல தவிடும் பிழிந்த பிண்ணாக்கும்: எண்ணெய் 11 கிலோ. இது தேவைக்கும் மேற்பட்டது.

இரண்டாங் கலவை. எண்ணெய் நீக்கிய தவிடும் எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கும்: எண்ணெய் 1 கிலோ. இது மிகவும் குறைவு.

மூன்றாங் கலவை. எண்ணெய் நீக்கிய தவிடும் பிழிந்த பிண்ணாக்கும்: எண்ணெய் நாலரைக் கிலோ. ஏறக்குறையப் போதுமானது.

நான்காங் கலவை. தவிட்டில் பாதி நல்லதாகவும் பாதி எண்ணெய் நீக்கியதாகவும், பிண்ணாக்கு பிழிந்ததாகவும் இருப்பின்: எண்ணெய் ஏழே முக்காற் கிலோ. இதுவே தக்க அளவு.

இரண்டாங் கலவையை உபயோகிப்பவர் அதைத் திருத்தவேண்டின், 100 கிலோவிற்கு 5 கிலோ எண்ணெய் தனியாக வாங்கிச் சேர்க்கவேண்டும். குட்டையில் 1,000 கிலோ மீன் இருந்து, அதன் எடையில் 100-க்கு 3 பங்கு வீதம் நாளொன்றுக்கு 30 கிலோ தீனி இடுவதாகக் கொண்டால், தினம் ஒன்றரைக் கிலோ எண்ணெய் செலவாகும். மாதத்திற்கு 45 கிலோ. தவிட்டை வாங்குகையில் மிச்சமான பணம் எண்ணெய்க் கடையில் செலவாகிவிடும். நான்காங் கலவையில் அச்செலவே இல்லை. குடியானவருக்கு மிக மலிவான தாவர எண்ணெய், நெல் அரைத்த தவிட்டிலேயே இருக்கும் எண்ணெய்தான். எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கில் புரதம் சற்றுக் கூடுதலாயிருப்பதும் உண்மையே. ஆகவே அதை முற்றும் தள்ளவேண்டுமென்பதில்லை. எண்ணெயுள்ள தவிட்டோடு சேர்த்து உபயோகித்தால் குறை தெரியாது.

எண்ணெய் சேர்க்கவேண்டிய சந்தர்ப்பங்கள்

பெரிய குளங்களில் குறைந்த எண்ணிக்கையில் மீன் விடப்பட்டு, நீர் பசுமை நிறமாயிருந்தால், நீரிலுள்ள நுண்ணுயிர்களே கொழுப்புத் தேவையைப் பூர்த்தி செய்யும். அங்கே எண்ணெய் சேர்ப்பது வீண் செலவு. சாணமும் இரசாயன உரமும் அளவறிந்து இட்டு நீரைச் செழிப்பாக வைத்துக்கொள்வதே அங்குச் செய்யத்தக்கது.

சிறு குட்டைகளில் நெருக்கமாக மீன் விட்டு, கையால் இடும் தீனியையே முக்கியமாக நம்பியிருக்கும் இடங்களில் கொழுப்பைக் கணக்கிட்டே ஆகவேண்டும். இங்கு 100 கிலோ தீனிக்கு 1 அல்லது 2 கிலோ ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பின் லினோலெனிக் அமிலத்தின் தேவை பூர்த்தியாகும். பிழிந்த ஆளிவிதைப் பிண்ணாக்கு கிடைக்குமாயின் 10 கிலோ வரையிற் கலக்கலாம். அதில் 100-க்கு 8 பங்கு எண்ணெய் இருப்பின் ஏறக்குறைய 400 கிராம் லினோலெனிக் அமிலம் கிடைக்கும். அதற்கு மேல் அப்பிண்ணாக்கைக் கூட்டுதல் நன்றன்று. அதிலுள்ள சில பொருள்கள் வளர்ச்சியைத் தடுக்கும்.

சினைக்காக வைத்துள்ள தாய் மீன்களுக்கும் கொழுப்பில் விசேஷ கவனம் வேண்டும். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் டாக்டர் ஹீராலால் சவுத்ரி ஊசி மருந்தின் மூலம் கெண்டைகளை முட்டையிடச் செய்த பின், குஞ்சு உற்பத்தி ஆற்றை நம்பியிருந்த நிலை மாறிற்று. ஆயினும் ஊசி சினையை வெளிப்படுத்துமேயன்றி, சினையின் தரம் அதற்கு முன்னர்த் தாய் மீன் உண்ட ஆகாரத்தையே பொறுத்தது. சினையிலுள்ள கொழுப்பே குஞ்சு வாய் திறந்து உண்ணும் வரையில் அதற்கு உணவாகும். இதற்கென ஒமேகா-3 அமிலங்கள் சேர்ந்த தீனியைத் தாய் மீன்களுக்குச் சில மாதங்கள் முன்னரே தொடங்குதல் நலம்.

விரால் ஊன் உண்ணும் மீன். கெண்டைக்குச் சொன்னவற்றை அப்படியே அதற்குக் கொள்ளலாகாது. தவிடும் பிண்ணாக்கும் அதற்கு ஏற்ற தீனியல்ல.

சேர்க்கும் முறை

எண்ணெயை நீரின்மேல் ஊற்றுவதோ, ஈரமான தீனியின்மேல் தெளித்து உடனே எறிவதோ கூடாது. அவ்வெண்ணெய் பிரிந்து நீரின் மேற்பரப்பில் படலமாகப் பரவும். நாற்றங்கால் குட்டைகளில் மீன் குஞ்சைத் தின்னும் நீர்ப்பூச்சிகளைக் கொல்வதற்கு, ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்துத் தெளிக்கும் முறை வழக்கத்திலுண்டு. மேற்பரப்பிற்கு வந்து மூச்சு விடும் பூச்சிகள் படலத்தால் மூச்சடைத்து மடியும். குஞ்சு விடுவதற்கு முன் பயன்படும் அப்படலம், மீன் வளரும் குட்டையில் விரும்பத்தக்கதன்று.

முதலில் உலர்ந்த தவிட்டில் எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுக் கையால் நன்கு பிசறவேண்டும். தவிடு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிண்ணாக்கை முந்தின இரவே ஊறவைத்து, மறுநாட் காலையில் அத்தவிட்டோடு பிசைந்து, வேகவைத்த மரவள்ளி மாவு அல்லது அரிசிக் கஞ்சி சிறிது சேர்த்து உருண்டையாக்கி, தட்டிலோ கூடையிலோ வைத்து நீரில் இறக்கவேண்டும். அன்றன்று வேண்டியதை அன்றன்றே தயாரிப்பது நலம். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் தட்டு காலியாகாவிடின் மறுநாள் அளவைக் குறைக்கவேண்டும். மேகமூட்டமான நாட்களிலும், விடியற்காலையில் மீன்கள் மேல்வந்து வாய் பிளக்கும் நாட்களிலும் தீனியை நிறுத்துவதே உசிதம்.

காறிப்போன எண்ணெயின் கெடுதி

எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாயினும் காற்றும் வெயிலும் பட்டால் காறிவிடும். லினோலெனிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள் மற்றவற்றைவிட விரைவில் கெடும். ஜப்பானில் பட்டுத் தொழிலில் கழிவாகும் பட்டுப்புழுக் கூட்டுப்பூச்சியைக் கெண்டைகளுக்குத் தீனியாகப் போட்டுவந்தார்கள். அப்பூச்சியில் எண்ணெய் அதிகம். காறிய பூச்சியைத் தின்ற மீன்களின் முதுகுச் சதை வற்றி, முதுகு கத்தி முனைபோல் மெலிந்துபோயிற்று. இந்நோயை அவர்கள் செகோகே என்பர். காறிய எண்ணெயே இதற்குக் காரணமென்றும், வைட்டமின் ஈ கொடுத்தால் தடுக்கப்படுமென்றும் பின்னர் ஆராய்ச்சியால் நிச்சயிக்கப்பட்டது.

தவிட்டிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நெல் அரைபட்ட உடனேயே தவிட்டிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடையும். புழுங்கல் நெல்லின் தவிட்டில் அந்நொதி அவியலிலேயே அழிந்துவிடுவதால் அது சற்று அதிக நாள் தாங்கும். எண்ணெயும் அதில் கூடுதல். ஆகவே புழுங்கல் தவிட்டையே தேர்ந்தெடுத்து, ஒரு வாரத்திற்கு வேண்டியதை மாத்திரம் வாங்கி, நிழலில் மேடைமீது அடுக்கவேண்டும். முகர்ந்தால் கசந்த வாடையும், நாவில் வைத்தால் காறலும் தோன்றும் தவிட்டை மீனுக்கு இடலாகாது.

விலக்கத்தக்கவை

இலுப்பைப் பிண்ணாக்கு மீனுக்கு நஞ்சு. குளத்தில் வேண்டாத மீன்களை ஒழிப்பதற்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் அதை இடுவதுண்டு. எனவே அதைத் தீனியிற் கலத்தல் ஒருபொழுதும் கூடாது. ஆமணக்குப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் எருவாகப் பயன்படுமேயன்றித் தீனிக்கு ஆகா. கரிசல் நாட்டுப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் சிறு அளவிலேயே சேர்க்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் ஆப்ளடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். அது மீனின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அந்நஞ்சு முழுதும் நீங்காது.

உண்போர் நலம்

மீன் உண்ட எண்ணெயின் தன்மை மீனின் சதையிலும் தோன்றும். லினோலியிக் மிகுந்த எண்ணெயையே உண்டு வளர்ந்த கெண்டையின் சதையில் அதுவே மிகும். மனிதருக்கு நன்மை தரும் நீண்ட ஒமேகா-3 அமிலங்கள் குறையும். சால்மன் பண்ணைகளில் இதற்குப் பரிகாரமாக, பெரும்பகுதி காலம் தாவர எண்ணெயும், விற்பனைக்கு முந்திய சில மாதங்கள் மீன் எண்ணெயும் கொடுக்கும் முறை பரீட்சிக்கப்பட்டு நற்பலன் அளித்திருக்கிறது. எடைக்கே விலை கிடைக்கும் கெண்டைச் சந்தையில் அச்செலவு திரும்பி வராது. ஆனால் நீரைப் பசுமையாக வைத்து, புல்லும் இலையும் இட்டு வளர்த்த மீனில் இந்நற்குணம் செலவின்றியே ஓரளவு அமையும். கடல் மீன் வாங்க இயலாத உள்நாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இது சிறிய நன்மையன்று.

பரீட்சித்துப் பார்த்தல்

சொன்னவற்றை அப்படியே நம்புவதைக் காட்டிலும் தம் குட்டையிலேயே பரீட்சித்தறிவது குடியானவர்களுக்கு நலம். ஒரே அளவும் ஆழமும் உள்ள இரண்டு குட்டைகளில் ஒரே வயதும் எடையும் உள்ள குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் விடவேண்டும். ஒன்றில் எண்ணெய் நீக்கிய தவிட்டுக் கலவையும், மற்றொன்றில் மேற்சொன்ன நான்காங் கலவையும் இடவேண்டும். மாதம் ஒருமுறை வீச்சுவலையால் இருபது மீன்களைப் பிடித்து எடை பார்த்து, தீனிச் செலவோடு குறித்துவரவேண்டும். அறுவடையின்போது சில மீன்களை அறுத்துக் குடலைச் சுற்றிய கொழுப்பையும் பார்க்கவேண்டும். அது வெண்மையாகத் திரண்டு நிறைந்திருப்பின் கொழுப்பு மிகுதி என்று அறிந்து, நல்ல தவிட்டைக் குறைக்கலாம். ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு பணம் தீனிக்குச் செலவாயிற்று என்னும் கணக்கே முடிவைத் தரும். தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட மீன்வளக் கல்லூரி இம்மாவட்டத்திலேயே இருப்பது, இவ்விஷயங்களில் சந்தேகம் கேட்டறிய விரும்புவோருக்கு ஓர் அனுகூலம்.

மேற்கூறியவற்றின் சாரம் வருமாறு:

1. கெண்டைக்கு மீன் எண்ணெய் அவசியமில்லை. தாவர எண்ணெய் போதும்.

2. தீனியில் மொத்தக் கொழுப்பு 100-க்கு 5 முதல் 8 பங்குக்குள் இருக்கட்டும்.

3. தவிடும் பிண்ணாக்கும் வாங்கும்பொழுது எண்ணெய் நீக்கியதா, நீக்காததா என்று கேட்டறிந்து வாங்கவேண்டும். இரண்டையும் எண்ணெய் நீக்கியதாகவே வாங்கலாகாது.

4. கடலை, எள், சூரியகாந்தி ஆகியவற்றின் எண்ணெய்களில் இல்லாத லினோலெனிக் அமிலத்தைப் பசும்புல், இலை, செழித்த நீர் ஆகியவற்றாலும், நெருக்கமாக வளர்க்குமிடத்தில் ஆளிவிதையாலும் ஈடு செய்யவேண்டும்.

5. காறிய தவிடும் எண்ணெயும், பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கும் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்கலாகாது.

இவ்வைந்தையும் கைக்கொள்பவர், மூட்டைக்கு மூட்டை எண்ணெயைக் கணக்கிட்டு, வீண் செலவின்றிக் கொழுத்த மீனுக்குப் பதிலாகச் சதைப்பற்றுள்ள மீனை விளைவித்து லாபமடைவர்.